தெருவுல ஓடுற மழைத் தண்ணியை வடிகட்டி உறைக் கிணத்துல விடலாமா? (திருவொற்றியூர், மணல் பூமி)

தேரடி_ஃபிட்டர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். திருவொற்றியூர்ல தேரடிக்குப் பின்னாடி ஒரு சந்துல குடியிருக்கேன். மணலி பக்கம் ஒரு ஆலையில 31 வருஷம் ஃபிட்டரா இருந்து போன வருஷம் ரிட்டையர் ஆனேன். பம்பு, வால்வு, பைப்பு எல்லாம் கை பழகின சமாச்சாரம். மண்ணு மட்டும் புரிய மாட்டேங்குது, அதான் இங்க வந்து கேக்குறேன்.

வீட்டுல அப்பா காலத்து உறைக் கிணறு இருக்கு. 3 அடி அகல உறை, 24 இறக்கினது. பொங்கல் சமயத்துல 7 அடியில தண்ணி தெரியும். அக்னி நட்சத்திரத்துல 17 அடிக்குப் போயிடும். தண்ணியில கரைஞ்ச உப்பைக் காட்டுற டி.டி.எஸ். மீட்டர் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். ஜனவரியில 800 காட்டுறது மே மாசம் 1,900-ஐத் தொட்டுடும். கடல் எங்க வீட்டுலேருந்து நடந்து போற தூரம்தான். அதனால மழைக்காலத்துல நல்ல தண்ணி எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கிடணும்னு எனக்கு ஒரு வெறி.

2003-ல எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்தப்போ நாங்களும் கட்டினோம். எப்படி? மாடிப் பைப்பை வளைச்சு 3 அடிக் குழியில விட்டு, மேல உடைஞ்ச செங்கல்லைக் கொட்டி மூடினோம். பார்க்க வந்தவர் பார்த்தாரு, நாங்க காட்டினோம், முடிஞ்சுது. அப்புறம் அந்தக் குழியை நான் திறந்ததே இல்ல. அது என் சோம்பேறித்தனம், யாரையும் சொல்லல.

இப்போ விஷயத்துக்கு வரேன். ரோடு மேல ரோடு போட்டு எங்க சந்து உசந்து, வீடு ஒரு அடி பள்ளத்துல நிக்குது. மழை பெஞ்சா மொத்தச் சந்துத் தண்ணியும் என் கேட்டைத் தேடி வரும். வர்ற தண்ணியை ஏன் வெளியே தள்ளணும், கிணத்துல விட்டுடலாமேன்னு போன வருஷம் புரட்டாசியில ஒரு குழி கட்டினேன். 4 அடிக்கு 4 அடி, ஆழம் 5 அடி. அடியில ஆத்து மணல், அதுக்கு மேல ஒரு மூட்டை அடுப்புக்கரி, அதுக்கு மேல முக்கால் இன்ச் ஜல்லி, எல்லாத்துக்கும் மேல ஒண்ணரை இன்ச் ஜல்லி. குழியோட அடியிலேருந்து 4 இன்ச் பைப் நேரா கிணத்துக்கு. கட்டிக் கொடுத்தவர் 28,000 ரூபாய் வாங்கினாரு, "20 வருஷத்துக்குத் தொட வேணாம் சார்"னாரு.

முதல் மழைக்குத் தண்ணி சுழிச்சு உள்ளே போச்சு பாருங்க, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் குடையோட வந்து வேடிக்கை பார்த்தாங்க. மறுநாள் மீட்டரை விட்டா 620. எனக்குத் தலைகால் புரியல. ரெண்டு நாள் கழிச்சு தண்ணி டீத்தண்ணி நிறத்துல வந்துது, கூடவே சாக்கடை வாடை. மூணாவது மழைக்குக் குழி உறிஞ்சுறதை நிறுத்திடுச்சு. நாலாவது மழைக்கு அது கொசு வளர்க்கிற தொட்டி. மூணு நாள் மோட்டார் போட்டு கிணத்தை இறைச்சு, பிளீச்சிங் பவுடர் போட்டும் வாடை போக தை மாசம் ஆயிடுச்சு. "தெருவுல போறதை வீட்டுக்குள்ள கூப்பிட்டது நீங்கதானே"ன்னு வீட்டுல இன்னிக்கும் சொல்லிக் காட்டுறாங்க.

அடுத்த மழைக்கு முன்னாடி சரி பண்ணணும். குழியைப் பெருசாக்கணுமா? ஜியோடெக்ஸ்டைல் துணி (மண்ணை நிறுத்தி தண்ணியை மட்டும் விடுற செயற்கைத் துணி) போட்டா நிக்குமா? இல்ல, தெருத்தண்ணியைத் தொடவே கூடாதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


உறை_மேஸ்திரி_தண்டையார்பேட்டை:

சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க குழியைத் தலைகீழா கட்டிக்கீறாங்க.

நான் 26 வருஷமா உறை இறக்குறவன். காசிமேட்டுலேருந்து எண்ணூர் வரைக்கும் நம்ம கை படாத சந்து கம்மி. மணல் மேல இருக்கணும், ஜல்லி கீழ இருக்கணும். அது ஏன்னு ஒருத்தரும் சொல்லிக் குடுக்க மாட்டாங்க, நான் சொல்றேன். வடிகட்டின்னா அடைக்கும். அடைக்கலைன்னா அது வடிகட்டி இல்ல, வெறும் ஓட்டை. அடைக்கிறதைப் பத்திக் கவலை வேணாம், எங்க அடைக்குதுன்னு மட்டும் பாருங்க. மணல் மேல இருந்தா மேல் ஒரு இன்ச்சுலயே சேறு நின்னுடும். நீங்களே உக்காந்து கரணையால சுரண்டி எடுத்துடலாம், அரை மணி நேர வேலை. உங்க குழியில சேறு ஜல்லி சந்துல எல்லாம் புகுந்து போய், 4 அடிக்குக் கீழ மணல் மேல அப்பிக்கினு கீது. அதை எடுக்கணும்னா மொத்தத்தையும் வாரணும். "20 வருஷம் தொட வேணாம்"னு சொன்னாருன்னா, 20 வருஷம் தொட முடியாதுன்னு அர்த்தம்.

கரியைத் தூக்கிப் போடுங்க. நாலு மழையில அதோட சத்து போயிடும், அப்புறம் அது நொறுங்கி அதுவே ஒரு அடைப்பு. உப்புக்கும் அது ஒண்ணும் பண்ணாது.

நான் போடுற முறை: அடியில ஒண்ணரை ஜல்லி ஒரு அடி, மேல முக்கால் ஜல்லி ஒரு அடி, அதுக்கு மேல நைலான் வலை, வலை மேல கழுவின பெருமணல் ஒரு அடிக்குக் குறையாம. தண்ணி விழற இடத்துல ஒரு கடப்பா கல்லு வைக்கணும், இல்லாட்டி மணல்ல பள்ளம் பறிச்சுக்கினு தண்ணி அந்த ஓட்டை வழியா நேரா எறங்கிடும். ஆத்து மணல் இப்போ கெடைக்கலன்னு பி-சாண்ட் போட்டுடாதீங்க, அது பூச்சு வேலைக்கு, அதுல மாவு ஜாஸ்தி. எம்-சாண்ட், அதான் கல்லை உடைச்சு அரைச்ச மணல், போட்டாலும் பக்கெட்டுல கழுவி மேல் தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் விட மாட்டேன். ஜல்லியும் அப்படித்தான். கழுவாத ஜல்லி ஒரு யூனிட் போட்டா, கிரஷர் தூளையே ஒரு மூட்டை கிணத்துல கொட்டின மாதிரி.

தெருத்தண்ணி பத்தி படிச்சவங்க சொல்லட்டும். நான் என் கையால தெருத்தண்ணியை எந்தக் கிணத்துலயும் விட்டதில்ல. கேட்டவங்க நெறைய பேரு.


கொடுங்கையூர்_ஜன்னல்:

இடையில புகுந்ததுக்கு மன்னிக்கவும். எங்க பக்கம் கடப்பாரை போட்டாலே களிமண். இந்தக் குழி எங்களுக்கும் செட் ஆகுமா?


உறை_மேஸ்திரி_தண்டையார்பேட்டை:

ஆகாது. கொடுங்கையூர், வியாசர்பாடி, கொளத்தூர் எல்லாம் மேல களிமண். வடிகட்டினாலும் தண்ணி எறங்க வழி இல்ல, குழி குளமா நிக்கும். குழிக்குள்ளயே கைபோர் (கையால போடுற சின்ன போர்) போட்டு, களியைத் தாண்டி மணல் வர்ற வரைக்கும் ஓட்டை பைப் எறக்கணும். அதுக்கு மாடித் தண்ணி மட்டும்தான், அதுவும் நல்லா வடிச்சது. போர் அடைச்சா கரணை விட்டு சுரண்ட முடியாது பாருங்க. தனியா ஒரு பதிவு போடுங்க தம்பி, சொல்றேன்.


மண்ணும்நீரும்:

ஃபிட்டர் ஐயாவுக்கு வணக்கம். பொறியியல் கல்லூரியில் நிலத்தடி நீர்ப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள், இருப்பது பெரம்பூர். மேஸ்திரி சொன்னதில் நான் திருத்த ஒன்றும் இல்லை. வகுப்பில் நான் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டதை அவர் நான்கு வரியில் சொல்லிவிட்டார். கணக்கை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் "குழியைப் பெரிதாக்கலாமா" என்ற உங்கள் கேள்விக்குப் பதில் கணக்கில்தான் இருக்கிறது.

உங்கள் சந்து 15 அடி அகலம், 200 அடி நீளம் என்று வைத்துக்கொள்கிறேன். 3,000 சதுர அடி. இரு பக்க வீடுகளின் மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் தெருவில் வந்து விழுவது இன்னொரு 3,000. மணிக்கு இரண்டரை சென்டிமீட்டர் மழை, அதாவது நம் ஊர் ஐப்பசிக்குச் சாதாரண மழை. உங்கள் கேட்டுக்கு ஒரு மணி நேரத்தில் வருவது சுமார் 14,000 லிட்டர். கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தில் 1914-லேயே மெதுமணல் வடிகட்டிகள் கட்டினார்கள். அந்த வகை வடிகட்டியில் மணிக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர்தான் இறங்கும். உங்கள் 16 சதுர அடிக் குழியை அப்படி ஓட்டினால் மணிக்கு 150-லிருந்து 300 லிட்டர். 14,000 எங்கே, 300 எங்கே! அதுவும், அந்த வடிகட்டியில் கிருமியைப் பிடிப்பது மணல் அல்ல, மணலின் மேல் பரப்பில் வளர்கிற உயிர்ப்படலம். அது வளர வாரக்கணக்கில் இடைவிடாமல் ஈரம் வேண்டும். நமக்கு மூன்று நாள் மழை, எட்டு நாள் வெயில். அந்தப் படலம் உங்கள் குழியில் பிழைக்கவே பிழைக்காது. வேகமாக வடிக்கும் வடிகட்டிகளும் உண்டு, ஆனால் அவற்றில் அடிக்கடி கீழிருந்து மேலாகத் தண்ணீரைப் பாய்ச்சி மணலைக் கழுவுவார்கள். உங்கள் வீட்டில் அதற்கு வசதி இல்லை.

இனி சேறு. லிட்டருக்கு ஒரே ஒரு கிராம் என்று வைத்தாலும் 14,000 லிட்டருக்கு 14 கிலோ. ஒரு மணி நேர மழைக்கு. மூன்றாவது மழையில் அடைத்ததில் ஆச்சரியம் இல்லை, மூன்று மழை தாங்கியதுதான் ஆச்சரியம்.

"அப்படியானால் முன்னால் ஒரு தொட்டி கட்டி சேற்றைத் தெளிய விடலாமே" என்பீர்கள். சரியான யோசனைதான், செயற்கைச் செறிவூட்டல், அதாவது நிலத்தடிக்கு நாமே தண்ணீரை இறக்குவது, எங்கே நடந்தாலும் முதல் படி அதுதான். ஆனால் பாருங்கள். கால் மில்லிமீட்டருக்கும் குறைவான சன்னமான மணல், அதாவது 0.1 மி.மீ. துகள், நின்ற தண்ணீரில் ஓர் அடி இறங்க முக்கால் நிமிடம்கூட ஆகாது. 0.01 மி.மீ. வண்டல் அதே ஓர் அடிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். 0.001 மி.மீ. களித்துகளுக்கு இரண்டு நாளுக்கு மேல். வண்டலை மட்டும் பிடிக்க வேண்டுமென்றாலே உங்கள் 14,000 லிட்டருக்குச் சுமார் 270 சதுர அடிப் பரப்புள்ள தொட்டி வேண்டும். ஆழமாகத் தோண்டிப் பயன் இல்லை, பரப்பு வேண்டும். இரண்டு கார் நிறுத்துகிற இடம். உங்கள் சந்தில் அது இருந்தால் ஏற்கெனவே இரண்டு கார் நின்றிருக்கும்.

ஜியோடெக்ஸ்டைல் நல்ல துணிதான். ஆனால் அதுவும் அடைக்கும். அடிமட்டத்தில் புதைத்தால் பழைய கதை. வலைக்குப் பதிலாக மணலுக்கு அடியில் விரிக்கலாம், அவ்வளவே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ள வேண்டாம். 620 என்று மீட்டர் காட்டியதும் மகிழ்ந்தீர்கள் அல்லவா? அந்த மீட்டர் தண்ணீரின் மின்கடத்தும் திறனைப் பார்த்து உப்பை ஊகிக்கிற கருவி. மழை கலந்த சாக்கடையில் உப்பு குறைவு, எனவே எண்ணும் குறைவு. கிருமி, எண்ணெய், அழுகிய இலை எதுவும் அதன் கண்ணில் படாது. உங்கள் மூக்கு அதைவிட நல்ல கருவி, அது இரண்டு நாள் கழித்து உண்மையைச் சொல்லிவிட்டது.

குழியிலிருந்து கிணற்றுக்கு நேரடிப் பைப் போட்டதுதான் எனக்குப் பெரிய பிழையாகப் படுகிறது. தண்ணீரை உண்மையில் சுத்தம் செய்வது தரைக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவில் இருக்கிற, முழுதாக நனையாத மணல். காற்றும் ஈரமும் சேர்ந்திருக்கும் அந்த அடுக்கில்தான் கிருமிகள் சாகும், அழுக்கு சிதையும். பைப் போட்டு நீங்கள் அந்த அடுக்கைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள். மணல் பூமி என்பதால் எதையும் வடிக்கும் என்று நம்பவும் வேண்டாம். ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்குக் கடலோர மணல் மேடுகள்தான் தண்ணீர்ப் பானை. அதிகமாக இறைத்து உப்பு ஏறத் தொடங்கியதால், 1957 முதல் ரைன் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து அந்த மணலில் இறக்குகிறார்கள். ஆனால் ஆற்றிலேயே ஒரு முறை தெளிய வைத்து, வடிகட்டி, அதன் பிறகுதான் மணலுக்கு அனுப்புகிறார்கள். ஆற்றுத் தண்ணீருக்கே அந்த மரியாதை!

மாடித் தண்ணீர் வேறு சாதி. தேவையானால் கேளுங்கள், அதற்கும் கணக்குத் தருகிறேன்.


எர்ணாவூர்_காத்தாடி:

ஃபிட்டர் அண்ணே, நான் சுருக்கமா சொல்லிடறேன். வேணாம்.

சேறு போகட்டும், அதை வடிக்கலாம். நம்ம பக்கத்துத் தெருத்தண்ணியில வேற ஒண்ணு இருக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் படிஞ்சுதே, எங்க வீட்டுச் சுவத்துல அந்தக் கறுப்புக் கோடு ரெண்டு தடவை வெள்ளை அடிச்சும் தெரியுது. அதுக்கும் முன்னாடி தண்டையார்பேட்டையில பூமிக்கடியில போற குழாய் கசிஞ்சு வீட்டு போர்ல எண்ணெய் வாடை வந்த கதை மேஸ்திரிக்குத் தெரியும். மண்ணுக்குள்ள போன எண்ணெயை யாரு சுரண்டி எடுப்பா? லாரி போற ரோடு, மெக்கானிக் ஷெட்டு, மழை வந்தா மேன்ஹோல் மூடி தூக்கிக்கினு வர்றது, எல்லாம் சேர்ந்ததுதான் உங்க கேட்டுக்கு வர்ற தண்ணி.

நீங்க மட்டும் குடிக்கிற கிணறுன்னா உங்க இஷ்டம்னு விட்டுடலாம். மணல் பூமியில பக்கத்து வீட்டுக் கிணறும் உங்க கிணறும் ஒரே சொம்புல ரெண்டு ஸ்ட்ரா.


உறை_மேஸ்திரி_தண்டையார்பேட்டை:

தெரியும். ஒரு வீட்டுல உறையை எறக்கறப்போ வாடை தாங்காம பையன் மேல வந்துட்டான். பீடி பத்த வெக்கிறவனைத் தெரு முனைக்கே அனுப்பிட்டேன். அதுக்கு மேல அந்தக் கதை வேணாம்.


மீஞ்சூர்_மாந்தோப்பு:

எல்லாரும் ஃபிட்டரை நிறுத்தவே பார்க்குறீங்க. அவர் ஆசை ஏன் வந்துதுன்னு எங்க ஊர்க்காரனுக்குத்தான் தெரியும், அதனால நான் அவர் பக்கம் கொஞ்சம் பேசுறேன்.

1960-கள் கடைசியில ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தோட உதவியில ஆரணி, கொசஸ்தலை ஆத்துப் படுகையை ஆராய்ஞ்சு, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம்னு கிணத்து வயல் (ஒரே இடத்துல நிறைய போர்க் கிணறு) போட்டு மெட்ராசுக்குத் தண்ணி எடுத்தாங்க. ஆலைகளுக்கும் போச்சு. நாங்களும் நெல்லுக்கு இறைச்சோம், அதை மறைக்க வேணாம். எங்க தாத்தா கிணத்துல மாட்டுக்குக் காட்டின தண்ணி, எங்க அப்பா காலத்துல மாடு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. கடல் பல கிலோமீட்டர் மண்ணுக்குள்ளயே நடந்து வந்துடுச்சு. கால் சத்தம்கூடக் கேக்கல. அப்புறம் ஆத்துல தடுப்பணைகள் கட்டினாங்க. ஒரு நல்ல மழைக்காலம் முடிஞ்சா அணை ஓரத்துக் கிணறுகள்ல உப்பு கொஞ்சம் பின்வாங்கும். வண்டல் படிஞ்சு ஆத்து வயிறு மூடிக்கிட்டா எறங்காது, கோடையில வாரினாத்தான் மறுபடி குடிக்கும். மேஸ்திரி சொன்ன அதே சுரண்டல் கதைதான், கரணைக்குப் பதிலா ஜே.சி.பி.

2010-ல காட்டுப்பள்ளியில கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்குற ஆலை வந்துது, நாளுக்கு 10 கோடி லிட்டர். அதை எல்லாரும் "மீஞ்சூர் ஆலை"ன்னுதான் சொல்றாங்க. நல்ல தண்ணிக்குப் பேர் போன ஊர் உப்பெடுக்கிற ஆலைக்குப் பேராயிடுச்சு.

ஃபிட்டர் செய்றது வீண் வேலை இல்லைன்னுதான் சொல்ல வந்தேன். தண்ணியை மாத்துங்க, ஆசையை மாத்தாதீங்க.


மண்ணும்நீரும்:

மீஞ்சூர்க்காரர் சொன்னதற்கு ஒரு கணக்கு. கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், அதன் பாரம் கீழே சுமார் 40 அடிக்கு உப்பை அழுத்தி வைக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறும். ஆகவே ஃபிட்டர் ஐயா வீட்டில் மட்டும் அல்ல, அந்தச் சந்தில் பத்து வீட்டு மாடித் தண்ணீர் இறங்கினாலும் அது அற்பம் அல்ல.

மாடிக் கணக்கு இதோ. 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 930 லிட்டர். "நுங்கம்பாக்கத்தில் 10 செ.மீ." என்று செய்தியில் சொல்கிறார்களே, அந்த மாதிரி ஒரு நாள் உங்கள் தலைக்கு மேலேயும் பெய்தால் 9,300 லிட்டர், ஒரு பெரிய லாரித் தண்ணீர். ஆண்டு முழுவதும் சேதாரம் போக ஒரு லட்சம் லிட்டருக்குக் குறையாது. இரண்டரை சென்டிமீட்டர் மழையில் மணிக்கு 2,300 லிட்டர்தான் வரும். அதில் சேறு மிகக் குறைவு, அதனால் உங்கள் 16 சதுர அடி மணல் அதைத் தாங்கிவிடும்.

ஆனால் முதல் ஒரு மில்லிமீட்டர் மழையைத் தள்ளிவிடுங்கள். புறா எச்சம், மணலி புகைக்கரி, மாடியில் காய வைத்த வடகத்தின் மிச்சம் எல்லாம் அதில்தான் வரும். 93 லிட்டர். சிலர் அதற்கு 4 இன்ச் பைப்பில் மூன்றடித் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு "முதல் மழை வடிப்பான்" என்று விற்கிறார்கள். அந்தப் பைப்பில் ஓர் அடிக்கு இரண்டரை லிட்டர்தான் பிடிக்கும். 93 லிட்டருக்கு 38 அடி பைப் வேண்டும்!


தேரடி_ஃபிட்டர்:

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரம் கழிச்சு எழுதுறேன், காரணம் இருக்கு.

டீச்சரம்மா சொன்ன ஓர் அடி, அரை மணி நேரம், ரெண்டு நாள் எல்லாத்தையும் படிச்சதும், அதை நானே பார்த்துடணும்னு தோணிச்சு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு மழை வந்துதே, அதுல மூணு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சேன். ஒண்ணு கேட்டுல முதல்ல வந்த தண்ணி. ரெண்டாவது அதே இடத்துல அரை மணி நேரம் கழிச்சு. மூணாவது மாடிப் பைப்புலேருந்து, அதுவும் அரை மணிக்கு அப்புறம். மூணையும் பூஜை அறை ஜன்னல்ல வரிசையா வெச்சேன். (வீட்டுல என்ன சொன்னாங்கன்னு எழுத மாட்டேன்.)

முதல் பாட்டில்ல ஒரு நிமிஷத்துக்குள்ள அடியில விரல் கனத்துக்கு மணல் உக்காந்துடுச்சு. அதைப் பார்த்ததும் "அட, தெளிஞ்சுடும் போல"ன்னு நினைச்சேன். ராத்திரி படுக்கப் போறப்போ பார்த்தாலும் மேல மோர் மாதிரி. மறுநாள் காலையில அப்படியே. வியாழக்கிழமை, அதாவது ரெண்டு நாள் கழிச்சும், பின்னாடி ஒரு பேப்பர் பிடிச்சா எழுத்து மங்கலாத்தான் தெரிஞ்சுது. அதுக்கும் மேல, வெயில் பட்டப்போ மேல் பரப்புல மயில் கழுத்து மாதிரி நிறம் ஓடிச்சு. 31 வருஷம் பார்த்த நிறம்தான் அது, எனக்கு யாரும் விளக்க வேணாம். எர்ணாவூர் தம்பி சொன்னது சரி.

ரெண்டாவது பாட்டில் கொஞ்சம் தேவலாம். ஆனா மூடியைத் திறந்தா போன வருஷ கிணத்து வாடை. மூணாவது, மாடித் தண்ணி, முதல் நாளே தெளிவு. அடியில நாலு கடுகு அளவு கறுப்புத் தூசி.

அதனால முடிவு பண்ணிட்டேன். கேட்டுப் பக்கத்து வாயை செங்கல் வெச்சு அடைச்சுட்டேன். வாசல்ல ஆறு இன்ச் உயரத்துக்கு சிமெண்ட் திண்டு, தெருத்தண்ணி தன் வழியில மழைநீர் வடிகாலுக்குப் போகட்டும். குழியை வாரியாச்சு. நானும் என் பையனும் சனி, ஞாயிறு ரெண்டு நாள். 4 அடிக்குக் கீழ மேஸ்திரி சொன்ன இடத்துல சொன்ன மாதிரியே களி, சப்பாத்தி மாவு கணக்கா ரெண்டு இன்ச் தடிப்பு. கையில எடுத்து உருட்டினா உருண்டை பிடிக்குது. அதுக்குக் கீழ மணல் சுத்தமா, புதுசா இருக்கு, ஒரு சொட்டு அழுக்கு இறங்கல. அப்போ கிணத்துல வந்த வாடை? பைப் குழியைச் சேர்ற ஜாயிண்ட்டுல சிமெண்ட் பூசாம விட்டிருக்காங்க. ஓரத்துல ஒரு விரல் போற சந்து. முதல் ரெண்டு மழையில தண்ணி மணலைப் பார்க்கவே இல்ல, சுவரோரமா எறங்கி நேரா கிணத்துக்குப் போயிருக்கு. சுழிச்சுக்கிட்டுப் போச்சுன்னு குடையோட வேடிக்கை பார்த்தோமே, அந்தச் சுழி அந்த ஓட்டையோடதுதான்! ஃபிட்டர்னு பேர் வெச்சுக்கிட்டு ஒரு லீக்கைப் பார்க்கத் தெரியல எனக்கு.

இனிமே மாடித் தண்ணி மட்டும். 100 லிட்டர் நீல டிரம் ஒண்ணு வாங்கியிருக்கேன், 38 அடி பைப்புக்குப் பதிலா. மாடிப் பைப் முதல்ல டிரம்முக்கு, டிரம் நிறைஞ்சதும் மேல இருக்கிற டீ ஜாயிண்ட் வழியா குழிக்கு. டிரம் அடியில ஒரு சின்ன ஓட்டை, சொட்டுச் சொட்டா செடிக்குப் போயி ஒரு நாள்ல காலியாகி அடுத்த மழைக்குத் தயாரா நிக்கும். குழிக்கும் கிணத்துக்கும் நடுவுல பைப்பை வெச்சுக்கவா, எடுத்துடவான்னு மட்டும் யோசனை. டீச்சரம்மா, நனையாத மணல்னு சொன்னீங்களே?


மண்ணும்நீரும்:

வடித்த மாடித் தண்ணீருக்குப் பைப் இருக்கலாம். ஒரே ஒரு மாற்றம்: கிணற்றுக்குள் மேலிருந்து அருவி போல விழ விடாமல், பைப்பைக் கோடை நீர்மட்டத்துக்குக் கீழே வரை இறக்குங்கள். விழுகிற தண்ணீர் அடிச்சேற்றைக் கலக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒரு முறை மேல் மணலைச் சுரண்டுங்கள், அதே நாளில் கிணற்றுத் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துக் கிருமிக்கும் பாருங்கள். துவைக்க, கழுவத்தானே? குடிக்க வேண்டாம். பைப்புக்கு நடுவில் ஒரு வால்வு போட்டுக்கொள்ளுங்கள், என்றாவது உங்கள் மாடியில் பெயிண்ட் அடித்தால் மூட வேண்டியிருக்கும்.


தேரடி_ஃபிட்டர்:

வால்வா? அது ஏற்கெனவே போட்டாச்சு, அம்மா. பித்தளை.

மேஸ்திரி, ஒரே ஒரு சந்தேகம். வாரின பழைய ஜல்லி வாசல்ல மலையா கிடக்கு, புது ஜல்லிக்கு விலை கேட்டா மயக்கம் வருது. பழசைக் கழுவிப் போடலாமா?


உறை_மேஸ்திரி_தண்டையார்பேட்டை:

போடலாம் சார், ஜல்லி கெட்டா போயிடும்? மூணு தண்ணி கழுவுங்க. கழுவின தண்ணியைக் குழியில ஊத்தாதீங்க.